சாவுக்கு வருபவளும் சுற்றுலாப் பயணியா?



கடந்த மாதம் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பெண்கள் கூட்டமொன்றை முடித்துக்கொண்டு பஸ்ஸுக்காக இறங்கி வந்துகொண்டிருந்தேன். கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சகோதரி பின்னாலேயே வந்தார். "மிஸ், ஒரு தாள் இருக்கு. வாசிச்சு சொல்லிட்டுப் போங்க" என்று என்னைத் தன் லயக் காம்பராவுக்கு அழைத்துச் சென்றார்.

பழைய பிஸ்கட் தகரத்துக்குள் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்தார் அந்தத் தாளை. இந்தியாவில் கோத்தகிரியில் இருக்கும் அவருடைய அக்கா 2018ஆம் ஆண்டு இங்கு வந்து போனபோது விட்டுச் சென்றது. இலங்கைக்கு வருவதற்கான பயண அனுமதி அச்சிடப்பட்ட தாள். பெயர், கடவுச்சீட்டு இலக்கம், வந்த நோக்கம் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. நோக்கம் என்ற இடத்தில் "சுற்றுலா" என்றிருப்பதை வாசித்துச் சொன்னேன்.

"சுற்றுலாவா? அக்கா அம்மாவோட குழியப் பாக்க வந்துச்சு மிஸ். ஊர் சுத்திப் பாக்க வரல" என்றார்.

அதன் பிறகு சொன்ன கதைதான் இம்மாத எழுத்துக்குக் காரணம்.

அக்கா 1973இல் இந்தியா போனவர். அப்போது அவருக்கு வயது இருபது. அவருடைய கணவன் வீட்டார் இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார்கள். தாய் வீட்டாரோ இலங்கைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் தங்கி, கடைசியில் நீலகிரித் தேயிலைக்குப் போய்ச் சேர்ந்தார். பதினொரு வயதுத் தங்கை ஸ்டேஷனில் அழுதுகொண்டு நின்றிருக்கிறார். "அடுத்த தீபாவளிக்கு வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போன அக்கா, நாற்பத்தைந்து வருடம் கழித்துத்தான் வந்தார். அப்போது தாய் இறந்து எட்டு மாதமாகியிருந்தது.

மரணச் செய்தி தொலைபேசியில் அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அக்காவிடம் செல்லுபடியான கடவுச்சீட்டு இல்லை. 1973இல் இங்கிருந்து கொண்டு போன கடவுச்சீட்டு எப்போதோ காலாவதியாகி, கறையான் தின்று போயிருந்தது. புதிதாக எடுக்கப் போனால் பிறந்த இடம் இலங்கை. அதற்கு அத்தாட்சி கேட்டார்கள். தோட்டத்துப் பதிவில் ஒரு பெயர், இந்தியக் குடும்ப அட்டையில் இன்னொரு பெயர். இதையெல்லாம் நேராக்கி முடிக்க எட்டு மாதம் சென்றது. இலங்கையின் அனுமதி மட்டும் இரண்டே நாளில் வந்துவிட்டது.

கட்டுநாயக்காவில் அதிகாரி வழமையான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்: "யாரைப் பார்க்க வருகிறீர்கள்?" அக்கா யோசிக்காமல் "அம்மாவை" என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் பேச முடியாமல் நின்றாராம்.

சகோதரிகளே, இப்படியான கதை இல்லாத லயம் எமது மலையகத்தில் குறைவு. எமது சொந்த இரத்தமே எமக்கு வெளிநாட்டவராகிப் போன கதை இது. இது எப்படி நடந்தது என்பதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. விசாவுக்காகக் கவுண்டர் முன்னால் நிற்கும்போது நாம் ஏதோ குற்றம் செய்தவர்கள் போல் கூனிக் குறுகுகிறோம். எமது வரலாற்றைத் தெரிந்தவர் அப்படி நிற்கத் தேவையில்லை.

எமது பாட்டன் பாட்டிமார் வந்த காலத்தில் விசா என்ற ஒன்று கிடையாது. கங்காணி கூட்டி வந்தார். பிற்காலத்தில் தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத் துண்டைக் கொண்டு வந்தார்கள். 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடியது. கல்யாணம், காது குத்து, கருமாதி என்று போய் வந்தார்கள். சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். அது எம்மவர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. மற்றது, 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம். கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் போய்வரும் பழக்கத்துக்கு அது முடிவு கட்டியது.

பின்னர் 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். நாடு திரும்புவோரை ஏற்றிச் சென்ற கோச்சிக்கு "ஒப்பாரிக் கோச்சி" என்றே பெயர் வந்தது. அந்தக் காலத்தில் குடும்பத் தலைவன் என்று எழுதப்பட்டவர் ஆண். அவர் எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாரோ அந்த நாட்டுக்காரி ஆனாள் மனைவி. பெற்ற தாயை விட்டுப் போக விருப்பமா என்று எத்தனை பெண்களிடம் கேட்டிருப்பார்கள்?

1984இல் யுத்தம் காரணமாகத் தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பலும் நின்றது. போகக் காத்திருந்தவர்கள் இங்கேயே தங்கினார்கள். போனவர்கள் அங்கேயே தங்கினார்கள். நாடற்றவர்களுக்கு 1986, 1988 ஆண்டுச் சட்டங்களாலும், கடைசியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலும் இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. இது பெரிய வெற்றி. ஆனால் பிரிந்த குடும்பங்களைச் சேர்த்து வைக்கும் சட்டம் எதுவும் வரவில்லை. அக்கா தங்கைக்கென்று தனி விசா கிடையாது. "நண்பர், உறவினரைப் பார்க்க வருதல்" என்பதும் சுற்றுலா விசாவுக்குள்தான் அடங்குகிறது. தாயின் குழியைப் பார்க்க வந்தவர் சுற்றுலாப் பயணியானது இதனால்தான்.

இன்னொரு சகோதரியின் கதையையும் கேளுங்கள். இது யுத்தத்தோடு சேர்ந்த கதை.

இவருடைய பெற்றோர் நுவரெலியா மாவட்டத் தோட்டமொன்றில் வேலை செய்தவர்கள். 1977 வன்செயலில் எல்லாவற்றையும் இழந்து வவுனியாவுக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். அங்கும் யுத்தம் விடவில்லை. 1990இல் சிறு பிள்ளையாகப் படகேறித் தமிழ்நாடு போனார். அகதி முகாமில் வளர்ந்தார். பக்கத்து ஊர் இளைஞர் ஒருவரை விரும்பினார். அவர் இந்தியப் பிரஜை. கோயிலில் மாலை மாற்றினார்கள், பதிவு செய்யவில்லை. இரண்டு பிள்ளைகள் பிறந்தன. யுத்தம் முடிந்தபின் வயதான பெற்றோர் நாடு திரும்ப, அவர்களைப் பார்க்க வேறு ஆளில்லாததால் 2011இல் இவரும் பிள்ளைகளோடு வந்தார். இப்போது தலவாக்கலைப் பக்கம் உறவினரின் லயத்தோடு சேர்ந்த சிறு குடிலில் இருக்கிறார்.

கணவர் வருடத்துக்கு ஒருமுறை வருகிறார். முப்பது நாள் விசா. முதல் ஒரு வாரம் பிள்ளைகள் பழகுவதற்குப் போகிறது. கடைசி ஒரு வாரம் போகப் போகிறாரே என்ற கவலையில் போகிறது. இங்கு அவர் வேலை செய்ய முடியாது. செய்தால் விசா நிபந்தனையை மீறியதாகும். ஆகவே மீதிப் பதினொரு மாதமும் அங்கு கூலி வேலை செய்து சேர்த்த பணம் டிக்கட்டுக்கே சரியாகிவிடுகிறது. மகள் பெரிய பிள்ளையானபோது தகப்பன் அருகில் இல்லை. "புருஷன் விட்டுட்டான் போல" என்று அயலில் கதை வேறு.

"யுத்தத்தில செத்துப் போயிருந்தா விதவைன்னு ஒரு பேராவது இருந்திருக்கும். எனக்கு என்ன பேர் மிஸ்?" என்று அவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஏன் நிரந்தரமாக அழைக்கவில்லை? இலங்கைப் பிரஜையின் கணவனுக்கோ மனைவிக்கோ வதிவிட விசா வழங்க ஏற்பாடு உண்டு. ஆனால் அதற்குத் திருமண அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். மாலை மாற்றிய புகைப்படம் போதாது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி திருமணப் பதிவு கட்டாயம். இவர்களுடைய திருமணம் அதற்கு முன்பே நடந்தது. "முகாமில இருந்தப்ப யாரும் சொல்லித் தரல" என்றார் அவர்.

இவருடைய சின்னம்மா இன்னமும் தமிழ்நாட்டு முகாமில் இருக்கிறார். அவருடைய நிலைமை இதைவிடச் சிக்கலானது. முகாமில் பதிவுள்ளவர் இந்தியாவை விட்டுப் புறப்பட வெளியேறும் அனுமதி பெற வேண்டும். அவ்வாறு நாடு திரும்பியவர் மீண்டும் முகாமுக்குப் போய் விட்ட இடத்திலிருந்து தொடங்குவது இலேசான காரியமல்ல. ஆகவே "ஒரு நடை பார்த்துவிட்டு வருகிறேன்" என்பது அவருக்குக் கிடையாது. ஒன்று நிரந்தரமாக வர வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே இருக்க வேண்டும். இந்தப் பல்லாயிரம் பேருக்குள் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய், அங்கிருந்து படகேறிய எம்மவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். இவ்வாறானோர் இலங்கைப் பிரஜாவுரிமை பெறுவதற்கு 2009இல் சட்டம் திருத்தப்பட்டது என்பதை உறவினருக்குத் தெரியப்படுத்துங்கள்.

வசதியான நாடுகளில் உள்ளவர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை என்று நினைக்க வேண்டாம். பிரித்தானியாவில் இருப்பவர் தன் துணையை அழைக்க வருடத்துக்கு 18,600 பவுண் வருமானம் காட்ட வேண்டும் என்று 2012இல் விதித்தார்கள். 2024 ஏப்ரலில் அதை 29,000 பவுணாக உயர்த்தினார்கள். ஜெர்மனிக்குப் போகும் மனைவி பொதுவாக முன்கூட்டியே ஜெர்மன் மொழிப் பரீட்சை எழுத வேண்டும் என்பது 2007 முதல் உள்ள விதி. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் தாலி ஏறிய பிறகும் வருடக்கணக்கில் காத்திருக்கும் பெண்களை நீங்கள் அறிவீர்கள். எங்கு பார்த்தாலும் கணவன் மனைவி சேர்ந்திருப்பதற்கு வருமானம் அளவுகோலாகியிருக்கிறது. தோட்டத்தில் 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. மாதம் முழுவதும் பேர் விழுந்தாலும் அந்தப் பணத்தில் வீட்டுச் செலவு போக டிக்கட்டுக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

சட்டம் மாறப் பலர் சேர்ந்து குரல் கொடுக்க வேண்டும். அது ஒரு பக்கம் நடக்கட்டும். எமது கையில் உள்ள காரியங்களை நாம் இன்றே தொடங்கலாம். அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, செய்தி வருமுன் கடவுச்சீட்டு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இந்தியாவில் இருக்கும் அக்கா, அண்ணன், மாமா யாராக இருந்தாலும், அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது "கடவுச்சீட்டு இருக்கா? எந்தத் திகதி மட்டும்?" என்று கேளுங்கள். பயணம் செய்யும்போது அது இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். வயதான தாய் தகப்பன் உள்ள வீட்டில் இது மிக அவசியம். அவர்களுக்குத் தேவையான பிறப்பு அத்தாட்சிப் பத்திரப் பிரதி இங்கிருந்துதான் போக வேண்டும். பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து நீங்களே எடுத்து அனுப்பலாம்.

இரண்டாவது, பெயர். பதிவாளர் வேறு மொழியில் எழுதியதால் ராக்காயி என்பவர் ராக்கம்மாவாகியிருப்பார். தகப்பன் பெயர் ஒரு தாளில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருக்கும். இதைச் சும்மா விடாதீர்கள். ஆறுதலான காலத்திலேயே திருத்திக்கொள்ளுங்கள். அல்லது இரண்டு பெயரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி எடுத்து வையுங்கள். அரச அலுவலகத்தில் தமிழில் விண்ணப்பிக்கவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு.

மூன்றாவது, இலங்கைக்கு வரும் உறவினர் புறப்படுமுன் இணையத்தின் மூலம் பயண அனுமதி பெற்றுக்கொள்வது நல்லது. இந்த முறை 2012 ஜனவரியில் ஆரம்பமானது. 2024 ஏப்ரலில் வேறொரு முறைக்கு மாற்றினார்கள். அதே வருடம் ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்த, செப்டெம்பரில் பழைய முறை திரும்பியது. இவ்வாறு கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுகின்றன. போன வருடம் வந்தவர் சொன்னதை நம்பி இருக்காமல், புறப்படுமுன் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் சொந்த இணையத்தளத்தில் பார்க்கச் சொல்லுங்கள். 1919 என்ற அரசாங்கத் தகவல் நிலைய இலக்கத்துக்கு நீங்கள் தமிழிலேயே பேசிக் கேட்கலாம். திணைக்களத்தின் பெயரைப் போலவே பெயர் வைத்துக்கொண்டு அதிக பணம் பிடுங்கும் தரகர்களின் தளங்களும் உண்டு. கவனம்.

நான்காவது, முப்பது நாள் போதாவிட்டால் நீடிப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் திகதி முடியுமுன் விண்ணப்பிக்க வேண்டும். "கருமாதி முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்று விட்டால் அபராதம் கட்ட நேரிடும். அடுத்த பயணமும் கெட்டுப்போகலாம். வருபவரின் திரும்பும் டிக்கட்டையும் தங்கும் விலாசத்தையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். தோட்டத்தின் பெயர், பிரிவு, தபால் விலாசம் எல்லாம் தெளிவாக இருக்கட்டும்.

ஐந்தாவது, திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். கோயிலில் தாலி கட்டியிருந்தாலும் பதிவு செய்யுங்கள். உங்கள் மகளின் திருமணத்தன்று சமையற்காரருக்கு முன்பணம் கொடுக்குமுன் பதிவாளருக்குச் சொல்லிவிடுங்கள்.

ஆறாவது, பிள்ளைகள். 2003க்கு முன்னர், இலங்கைத் தாய்க்கும் வெளிநாட்டுத் தந்தைக்கும் பிறந்த பிள்ளைக்குத் தாய் வழியாக இலங்கைப் பிரஜாவுரிமை கிடைக்கவில்லை. தகப்பன் எந்த நாட்டவரோ அதுவே கணக்கு. 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதை மாற்றியது. இப்போது தாய் வழியாகவும் பிள்ளை இலங்கைப் பிரஜையாகலாம். ஆனால் வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை முறைப்படி பதிவு செய்ய வேண்டும். இந்தியாவிலிருந்து பிள்ளைகளோடு திரும்பியவர்கள், அந்தப் பதிவு முடிந்ததா என்று இன்றே பார்த்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

கடைசியாக, தாள்களைக் காப்பாற்றுங்கள். லயத்தில் கூரை ஒழுகும், தீப்பிடிக்கும், மண் சரியும். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மலையகத்தில் எத்தனை வீடுகள் மண்ணுக்குள் போயின என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். வீட்டோடு பத்திரங்களும் போயின. எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, நம்பிக்கையான இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

தலவாக்கலைச் சகோதரி இப்போது சும்மா இருக்கவில்லை. கடந்த வருடம் விசா எடுத்துத் தமிழ்நாட்டுக்குப் போய், திருமணத்தைப் பதிவு செய்து, பத்திரத்தோடு திரும்பியிருக்கிறார். கணவரின் வதிவிட விசாவுக்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்று. பதில் இன்னும் வரவில்லை. "வராட்டி திரும்பக் கொடுப்பேன்" என்கிறார். பதிவுப் பத்திரத்தைப் பிரதி எடுத்து வீட்டுச் சுவரிலும் ஒன்று மாட்டியிருக்கிறார். அயலில் கதைப்பவர்கள் வந்து பார்க்கட்டும் என்றுதானாம்.

பொகவந்தலாவைச் சகோதரியிடமிருந்து விடைபெறும்போது, அந்த அனுமதித் தாளை மறுபடியும் பையில் சுற்றிக்கொண்டே ஒன்று சொன்னார். தனக்கும் ஒரு கடவுச்சீட்டு எடுக்க வேண்டுமாம். நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் 2023 ஒக்டோபரில் கப்பல் விட்டார்கள், நின்றது, 2024 ஓகஸ்டில் மறுபடியும் விட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அக்காவுக்கு எழுபது தாண்டிருச்சு மிஸ். அது சாகுறதுக்கு முந்தி நான் ஒருக்காப் போய்ப் பாக்கணும். அம்மாவுக்கு நடந்த மாதிரி ஆகக் கூடாது."

விண்ணப்பப் படிவத்தை அடுத்த வாரம் நான் கொண்டு போகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு படிவம் நிரப்பக் காத்திருக்கலாம். இன்று மாலை அந்தத் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் சகோதரி